புலி கொன்ற ராஜா

கடலிலிருந்து மூடுபனி எழுந்தால் ஊரே மேகத்தில் மிதக்கும் பனித்துறை நாட்டை, முன்னொரு காலத்தில் சீராளன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால் சோறு தண்ணீர் இறங்காது. கோபம் வந்துவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது.

ஒரு மார்கழியில் இங்கிலீஷ்க் கப்பல் ஒன்று துறைக்கு வந்தது. மாலுமிகளின் பேச்சு பனிக்குள்ளிருந்து மெல்ல மிதந்து வர, மாடத்தில் நின்ற ராஜா கண்ணை மூடிக் கேட்டார். அலை கூழாங்கற்களை உருட்டுவதுபோல இருந்தது அந்தப் பேச்சு.

"இந்தப் பாஷையை நான் பேசியே ஆகவேண்டும்" என்றார்.

அமைச்சர் உமையாளுக்கு, துறைமுக வணிகர்களோடு பழகி இங்கிலீஷ் நன்றாகவே வரும். அது அவைப்புலவர் விடங்கருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, சொல் என்பது புலவனின் சொத்து. அமைச்சர் தம் வேலையைப் பார்க்கட்டும்" என்று முந்திக்கொண்டார். கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு ராஜாவுக்கு ஆசானும் ஆகிவிட்டார்.

ராஜா வாலிபத்தில் புலி ஒன்றைக் கொன்றவர். கப்பல் தலைவனிடம் அதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்பட்டார். புலி என்றால் டைகர், கொன்றார் என்றால் கில்ட், ராஜா என்றால் கிங். 'புலியைக் கொன்றார் ராஜா' என்றால்தான் கம்பீரம் என்று விடங்கர் அதே வரிசையில் கோத்துக்கொடுத்தார்.

கப்பல் தலைவன் ஹார்டிங் அவைக்கு வந்தான். ராஜா எழுந்து, மீசையை நீவிக்கொண்டு முழங்கினார்: "டைகர் கில்ட் கிங்!"

ஹார்டிங்கின் முகம் வாடிப்போயிற்று. தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக் கண்ணை மூடிப் பிரார்த்தித்தான். பிறகு உமையாளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டான்.

"என்ன கேட்கிறான்?"

உமையாள் தயங்கினாள். "தங்கள் தந்தை பெரிய ராஜாவைப் புலி கொன்றது எப்போது என்று விசாரிக்கிறார், மன்னா."

"கேலி! சுத்தக் கேலி!" என்று குதித்தார் விடங்கர்.

ராஜாவின் கண் சிவந்தது. "இவனைச் சிறையில் தள்ளுங்கள். நாளை உச்சிவேளையில் கப்பலைக் கொளுத்துங்கள்!"

"மன்னா, அவர்மேல் பிழையில்லை. பிழை வாக்கியத்தில் இருக்கிறது" என்றாள் உமையாள்.

"என் வாக்கியத்திலா? நாளைக் காலை நிரூபித்துக் காட்டு. முடியாவிட்டால் அவனோடு நீயும் சிறையில் இரு."

மறுநாள் அவையின் சாளரங்களையெல்லாம் திறந்துவைக்கச் சொன்னாள் உமையாள். பனி உள்ளே வழிந்து தூண்களை இடுப்புவரை விழுங்கியது. எல்லோரும் வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்தி வரவேண்டும் என்பது உத்தரவு. கனவில் நடப்பவர்கள்போல வெள்ளை உருவங்கள் வந்து நின்றன.

விடங்கர் கடைசியாக வந்தார். வாசலருகே ஒருவர் வழியில் நின்றார். "ஓரமாய் நில்லும் ஐயா!" என்று அவரை முழங்கையால் தள்ளிவிட்டுப் போய், சிம்மாசனத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"புலி வென்ற பெருமானே! அழகில் மன்மதனே! அறிவில்..."

"போதுங்க புலவரே, அடுப்பில் பால் இருக்கு" என்றது சிம்மாசனம். போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவர் அரண்மனைச் சமையற்காரர் வல்லபன்!

வாசலில் நின்றவர் போர்வையை விலக்கினார். உமையாள் கேட்டுக்கொண்டபடி அங்கே நின்றிருந்த ராஜா!

விடங்கர் பதறி எழுந்தார். "மன்னா... சிம்மாசனத்தில் இருந்ததால்..."

"அதேதான்" என்றாள் உமையாள். "தமிழில் 'புலியை' என்று ஓர் 'ஐ' ஒட்டியிருக்கிறது. புலி முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் செத்தது அதுதான் என்று தெரிந்துவிடும். கிரீடம் வைத்த ராஜா எங்கே நின்றாலும் ராஜாதானே, அதுபோல. இங்கிலீஷில் அந்த ஒட்டு கிடையாது. சொல் இருக்கும் இடம்தான் அடையாளம். வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் பட்டவர். நேற்றுப் புலியை முன்னால் நிறுத்திவிட்டோம். அது தங்களைக் கொன்றுவிட்டது."

ராஜா முதலில் மெல்லச் சிரித்தார். பிறகு தூண்கள் அதிரச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி உமையாளின் கையில் வைத்தார். "விடங்கரே, நாளை முதல் நீர் அமைச்சரிடம் பாடம் கேளும். முதல் வரிசையில் உட்கார்ந்து!"

விடங்கர் தலை நிமிராமல் கும்பிட்டார்.

ஹார்டிங்கை விடுவித்துக் கப்பல்வரை ராஜாவே நடந்துபோனார். படகில் கால்வைக்கப் போனவனை நிறுத்தினார். "உமையாள், 'தவறு நடந்துவிட்டது' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?"

"செய்தவர் யாரென்று முதலில் சொல்வதுதான் அவர்கள் வழக்கம், மன்னா."

"முதலிலேயேவா?"

"முதலிலேயே."

ராஜா மீசையை நீவப்போன கையை இறக்கிக்கொண்டார். ஹார்டிங் காத்திருந்தான். படகு மெல்ல ஆடியது.

"ஐ..." என்று தொடங்கினார் ராஜா.

மீதிச் சொற்கள் வருவதற்குள் ஹார்டிங் அவர் கையைப் பற்றிக்கொண்டான்.