நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்

மாதளம்பட்டணத்து ராஜா உதயபூபதிக்கு எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். யானை அழகாக இருக்கிறது என்றால் எத்தனை முழம் என்பார். பாட்டு நன்றாக இருந்தது என்றால் எத்தனை அடி என்பார். அப்பேர்ப்பட்டவர் தர்ம வைத்தியசாலைக்குத் தலைமை வைத்தியர் தேடக் கிளம்பினார். உடனே ஓர் ஆணை பிறந்தது. எந்தச் சுவடியை மற்ற வைத்தியர்கள் அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அந்தச் சுவடிக்கு உரியவருக்கே பதவி.

ஓலைக்கணக்கர் மூன்று மாதம் உட்கார்ந்து எண்ணினார். ஒரு சுவடியையும் படிக்கவில்லை. படிப்பது அவர் வேலை இல்லையாம்.

சபை கூடியது. கணக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"அகோரமூர்த்திப் பண்டிதர் இயற்றிய சுவடிகள் முந்நூற்று ஆறு. அவற்றில் காய்ச்சலுக்கான 'சுரநாசினி' ஒன்றுக்கு மட்டும் மேற்கோள் நானூற்றுப் பன்னிரண்டு. வைத்தியசாலையில் இருக்கும் பொன்னாத்தாள் எழுதியது ஒரே சுவடி. மேற்கோள் மூன்று."

பண்டிதர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். முந்நூற்று ஆறு சுவடி எழுத மனிதனுக்கு ஆயுசு ஏது? சீடர்கள் எழுதுவார்கள், இவர் தலைப்பில் தம் பெயரைப் போட்டுக்கொள்வார். சீடர்கள் இவரை மேற்கோள் காட்டுவார்கள், இவர் சீடர்களைக் காட்டுவார். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்தே ஒரு கூட்டம் பெரிய மனிதர்களாகிவிட்டது.

பொன்னாத்தாள் கும்பிட்டு முன்னால் வந்தாள். பதினோரு வருஷமாக அந்த வைத்தியசாலையைக் கட்டிக் காப்பவள்.

"மகாராஜா, பதவி எனக்கு வேண்டாம். வைத்தியசாலையில் நாற்பது பேர் காய்ச்சலில் கிடக்கிறாங்க. அவங்களை இவர் கையில் விட்டுட்டுப் போன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எண்ணிக்கை அப்படிச் சொல்கிறதே அம்மா, நான் என்ன செய்ய?" என்றார் ராஜா.

கேட்டுக்கொண்டிருந்த அரசவைப் புலவர் அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சாகக் கிடந்த அவர் தங்கையைப் பிழைக்க வைத்தவள் இந்தப் பொன்னாத்தாள்தான். எழுந்தார். முகத்தில் மட்டும் பரம பணிவு.

"மகாராஜா, நானூற்றுப் பன்னிரண்டு பேர் போற்றிய சுவடி. பண்டிதர் வாயாலேயே நாமும் நாலு வரி கேட்டால் பிறவிப்பயன் அடைவோம்."

"பேஷ்!" என்றார் ராஜா.

அரண்மனைச் சுவடி நிலையத்திலிருந்து மூலச்சுவடி வந்தது; அதற்கு வேறு பிரதி கிடையாது. பண்டிதர் தூசியைத் தட்டிக் கயிற்றை அவிழ்த்தார். முதல் ஓலையை எடுத்துக் கணீரென்று வாசித்தார்.

"தோல் மெல்லிசாகப் பார்த்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, நாலாகக் கீறி…"

"யாரை?" என்று கேட்டார் அங்கமுத்து.

பண்டிதர் ஒரு கணம் திகைத்தார். அவர் எழுதியிருந்தால்தானே தெரியும்! ஆனால் அத்தனை பேர் நடுவில் விழிக்க முடியுமா?

"நோயாளியைத்தான் ஐயா. கெட்ட ரத்தம் வெளியேற வேண்டாமா?"

"ஆகா! மேலே?"

"கீறிய இடத்தில் கல்லுப்பை அழுத்தி அடைத்து…"

"நோயாளி கத்துவானே?"

பண்டிதர் அடுத்த வரியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதற்கும் வழி சொல்லியிருக்கிறேன் பாரும். வாயைத் துணியால் இறுகக் கட்டி, தினமும் வெயிலில் வைத்து, மாலையில் நன்றாகக் குலுக்கவும்."

"எத்தனை நாள்?"

"நாற்பது நாள். பிறகு கடுகு தாளித்து…"

பண்டிதரின் குரல் அங்கே தேய்ந்தது. திரைக்குப் பின்னால் ராணி சிரித்த சிரிப்பில் வளையல்கள் குலுங்கின.

"கடுகு தாளித்து? நோயாளியையா?" ராஜா ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "புலவரே, என்ன கூத்து இது?"

"எலுமிச்சங்காய் ஊறுகாய் மகாராஜா. போன வருஷம் 'சுரநாசினி'யைப் படிக்கலாமே என்று போனேன். கயிற்றில் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. இதை யாராவது திறக்கிறார்களா பார்ப்போம் என்று உள்ளே இருந்த ஓலைகளை எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, என் மனைவி தையல்நாயகியின் ஊறுகாய்க் குறிப்பைக் கோத்துவிட்டேன். எலுமிச்சை, ஜாடி என்று எழுதிய ஓலைகளை மட்டும் கோக்காமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நூற்றொன்பது வைத்தியர்கள் இதைக் கரைத்துக் குடித்ததாக எழுதியிருக்கிறார்கள்."

"சூழ்ச்சி! அபாண்டம்!" என்று பண்டிதர் குதித்தார்.

"ஓலையை மாற்றியது நான்தான் ஓய், ஒப்புக்கொள்கிறேன். நோயாளிக்கு உப்பு அடைத்தது நீர்தானே?"

பண்டிதர் சீடர்கள் பக்கம் திரும்பினார். சீடர்கள் ஒவ்வொருவராகத் தூண் மறைவுக்கு நகர்ந்தார்கள். இனி அவரை மேற்கோள் காட்ட ஒருவனும் இல்லை.

ராஜா ஆணை ஓலையை வாங்கி இரண்டாக முறித்துப் போட்டார். அவமானத்தில் முகம் சிவந்திருந்தது. "பொன்னாத்தா, நீதான் தலைமை வைத்தியர். போய் உன் நோயாளிகளைப் பாரம்மா." அவள் கும்பிட்டாள், அடுத்த நொடி வாசலில் இருந்தாள். கணக்கருக்கு அன்றிலிருந்து லாயத்தில் லாடம் எண்ணும் வேலை.

"ஆணையை முறித்தது நல்லதாகப் போயிற்று மகாராஜா," என்றார் அங்கமுத்து. "இல்லாவிட்டால் நியாயப்படி பதவி தையல்நாயகிக்கு வந்திருக்கும். இந்த ஒரு வருஷத்தில் அவளைவிட அதிக மேற்கோள் வாங்கிய வைத்தியர் இந்த நாட்டிலேயே கிடையாது."

ராஜாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "உம் மனைவிக்கு வைத்தியம் தெரியுமா ஓய்?"

"பண்டிதரைவிட நன்றாகவே தெரியும் மகாராஜா. அவள் கை பட்டு இதுவரை ஓர் எலுமிச்சங்காய்கூடக் கெட்டுப்போனதில்லை."