விளக்கு மலையேறிய கதை

பவளப்பட்டி ஜமீன்தாருக்குப் பனிமலை ஏறும் பித்துப் பிடித்தது. பல நாள் பயணம். மேலே போகப் போக மூச்சுக்கே பஞ்சம். அதனால் சுமைக்காரி மாயக்கா கம்பளி, அவல், சுக்கு மட்டும் மூட்டை கட்டினாள்.

ஜமீன்தாரோ அது தன் கௌரவத்துக்குப் போதாதென்று, கூடத்தில் எரிந்த ஆளுயரக் குத்துவிளக்கையும் தூக்கி வரச் சொல்லி உறுமினார்: “நான் உச்சிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த விளக்கு மலையேறியிருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!”

“அவ்வளவுதானுங்களே!” என்ற மாயக்கா, ஒரு பூவை எடுத்துத் திரியில் ஒற்றினாள். சுடர் அடங்கியது.

“விளக்கு மலையேறிடுச்சுங்க ஐயா!”

கூடமே கொல்லென்று சிரித்தது. ஜமீன்தாரின் மனைவி சிரித்துக்கொண்டே கம்பளியை அவர் தோளில் போர்த்தினாள்.

“உங்க ஜம்பமும் சேர்ந்து மலையேறிடுச்சு. இனி நீங்க ஏறுறதுதான் பாக்கி, கிளம்புங்க!”