செவியனின் முட்டியும் நத்தையின் வழக்கும்

ஒரு காட்டின் குறுக்கே பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. இக்கரையில் செவியன் என்ற முயலின் வளை. அக்கரையில் பச்சைப்பசேலென்று அறுகம்புல். பள்ளத்துக்குள் ஒரு நரி.

செவியன் தினமும் ஒரே தாவில் அக்கரை போய்விடும். "என்னைப்போல் தாவ எவன் இருக்கிறான்?" என்று அதற்குத் தலைகால் தெரியாத பெருமை.

திடீரென்று வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. தாவல் நாளுக்கு நாள் குறுகியது. ஒருநாள் விளிம்பில் கால் வழுக்கி, மண் நரியின் தலையில் விழுந்தது.

"தம்பி, முட்டி எப்படி இருக்கிறது?" என்று நரி அன்பாக விசாரித்தது. சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

செவியன் அன்றே கரடி வைத்தியரிடம் நொண்டிக்கொண்டே போனது.

"எங்கே வலி?"

"முட்டியில், வைத்தியரே."

"அப்படியானால் முட்டிக்குத்தான் மருந்து!" கரடி தேனை அள்ளி அப்பியது. வலி போகவில்லை, எறும்புகள் வந்தன. மருந்து வீணாகக் கூடாதென்று மிச்சத்தைக் கரடியே நக்கிவிட்டது.

கடிபட்ட முட்டியோடு உட்கார்ந்திருந்த செவியனிடம் ஒரு நத்தை கோபமாக வந்தது.

"முயலாரே, உங்கள்மேல் எனக்கு ஒரு வழக்கு! உங்கள் வலது காலடித் தடத்தில் வெளிப்பக்கம் மண்ணே அழுந்தவில்லை, உட்பக்கம் மட்டும் கிணறு. அதில் விழுந்து ஏறுவதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. பாதத்தை நேராக வைத்து இறங்கினால் என்ன?"

"வாழ்நாளில் ஒருமுறையாவது நீ குதித்திருக்கிறாயா?"

"இல்லை. ஆனால் நீங்கள் குதித்த இடத்திலெல்லாம் நான் விழுந்திருக்கிறேன்."

செவியன் எழுந்து ஈரமண்ணில் மெல்லக் குதித்துப் பார்த்தது. பாதம் உள்ளே சாய்ந்தது. முட்டியும் கூடவே உள்ளே வளைந்தது. முட்டிக்குக் கீழே நரம்பு சுரீரென்று இழுத்தது.

"அட, தப்பு பாதத்தில் இருக்க, முட்டிக்கல்லவா தேன் பூசிக்கொண்டேன்!"

பதினைந்து நாள் அது பள்ளத்தின் பக்கமே போகவில்லை. காய்ந்த கோரையைக் கடித்துக்கொண்டு, பாதம் சமமாகப் பதியும்படி சின்னச் சின்னதாகக் குதித்துப் பழகியது. நத்தை ஒவ்வொரு தடத்திலும் இறங்கிப் பார்த்து, "இன்னும் உட்பக்கம் ஆழம். மறுபடியும்!" என்று உயிரை வாங்கியது.

பதினாறாம் நாள் செவியன் விளிம்பில் வந்து நின்றது. நரிக்கு நாக்கில் நீர் ஊறியது.

"தம்பி, முட்டி எப்படி இருக்கிறது?"

"அக்கரை போய்ச் சொல்கிறேன், அண்ணே!" என்று செவியன் தாவியது.

அக்கரைப் புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது: "நன்றாக இருக்கிறது!"

அதற்குப் பிறகு நரி யாருடைய உடல்நலத்தையும் விசாரிக்கவில்லை.

நீதி: வலிக்கும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், வலி பிறக்கும் இடம் கண்ணில் படாது.