மூன்றாம் படி

செம்மண் ஆடுகளம் ஒன்றில் டென்னிஸ் கற்பித்துவந்த சற்குணத்திடம், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாலை, இளவேனில் ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. வலது முழங்கால் இன்னும் ஓர் ஆண்டு தாங்கினால் பெரிது என்று மருத்துவர் கைவிரித்திருந்தார். நாளை மெர்சியை வென்றால் மாநில அணியில் இடம். தோற்றால் மட்டையை உறையிலிட்டு மூடிவிட வேண்டியதுதான்.

“சார், மெர்சிகிட்ட ஆறு தடவை தோத்துட்டேன். என் கை அவ கைக்கு மட்டமில்ல. மனசாலதான் தோக்கிறேன். மனசால எப்படி சார் ஜெயிக்கிறது?”

“ஆறு தடவை தோத்தும் ஏழாவது தடவை வந்து நிக்கிறியே, அதுக்கே தனியா ஒரு கோப்பை கொடுக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை.

“சரி, அவ மனசுல என்ன இருக்குன்னு பார்த்தியா?”

“பார்த்துட்டேன் சார்.”

அவள் கண்கள் களத்தை ஒட்டிய சிமெண்டுப் படிகளுக்குப் போயின. மூன்றாம் படியின் ஓரம் மெர்சியின் தந்தை சவரிமுத்துவின் இடம். காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். சர்வீஸ் போடுமுன் மெர்சி பந்தை நான்கு முறை தரையில் தட்டிவிட்டு அவரைப் பார்ப்பாள். அவர் இரண்டு முறை கைதட்டுவார். அதன் பிறகே பந்து மேலே எழும். அவர் இறந்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன. அந்த இடத்தில் இன்னும் எவரும் அமர்வதில்லை.

“இப்பவும் அங்கதான் பார்க்கிறா சார். சட்டுனு பந்தைத் தூக்கிட்டா தப்பிச்சிடறா. கொஞ்சம் தாமதமானா சர்வீஸ் தப்பிடுது. நான் தயாரில்லன்னு கையைக் காட்டிட்டு, குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டினேன்னு வைங்க…”

“விதி இடங்கொடுக்குதா?”

“ஒரு தடவைன்னா நடுவர் ஒண்ணும் சொல்லமாட்டார்.”

“அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி?”

அவள் காலணி நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

சற்குணம் எழுந்து சென்று மூன்றாம் படியின் ஓரத்தில் அமர்ந்தார்.

“நாளைக்கு நான் இங்க உட்காரட்டுமா?”

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். ஆள் அமர்ந்ததும் சவரிமுத்துவின் இடம் வெறும் படியாகிவிட்டிருந்தது.

“வேண்டாம் சார். நீங்க எப்பவும்போல வேப்பமரத்துக்கிட்டயே நில்லுங்க.”

“சரிம்மா.” சட்டென்று எழுந்துகொண்டார்.

மறுநாள் ஆட்டம் மூன்றாம் செட் வரை இழுத்தது. ஐந்துக்கு நான்கு என இளவேனில் முன்னிலையில் இருந்தாள். சர்வீஸ் மெர்சியுடையது. முப்பதுக்கு நாற்பது. இந்தப் புள்ளி இளவேனிலுக்குக் கிடைத்தால் ஆட்டம் அவளுடையது.

மெர்சி பந்தை நான்கு முறை தட்டினாள். இளவேனில் கையை உயர்த்தினாள். காலையிலேயே தளர்த்தி வைத்திருந்த லேஸை, குனிந்து, இரண்டு முடிச்சாகப் போட்டாள். இரண்டாம் முடிச்சுக்குத் தேவை இருக்கவில்லை. நிமிர்ந்தபோது மெர்சியின் முகம் படிகளின் பக்கம் திரும்பியிருந்தது.

முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது.

ஆட்டம் இளவேனிலுக்கு. கைதட்டல் எழுந்தது. வேப்பமரத்தடியில் சற்குணம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வலைக்கு மேலே கைகுலுக்கியபோது மெர்சி சொன்னாள்: “நல்லவேளை, உன் லேஸ் அவிழ்ந்துச்சு இளா. அப்பாவை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டேன்.”

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று இளவேனில் தேடினாள். இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

அடுத்த நாள் காலை, அதே களத்தில் மாநில அணிக்கான பயிற்சி தொடங்கியது. எதிரே எவரும் இல்லை. கூடை நிறையப் பந்துகள் மட்டும். இளவேனில் பந்தைத் தரையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டுக்கு மேல் தட்டுவது அவள் வழக்கமே இல்லை. தலை தானாகப் படிகளின் பக்கம் திரும்பியது.

பந்து வலையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கூடை பாதி காலியானபோது வலையின் அடி முழுக்கப் பந்துகள் கிடந்தன.

“சார்.”

“சொல்லும்மா.”

“நீங்க போய்க் கொஞ்ச நேரம் அந்தப் படியில உட்காருங்களேன்.”

சற்குணம் போனார். மூன்றாம் படிவரை ஏறினார். அதன் ஓரத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். அமராமலே இறங்கி வந்தார்.

“இடமில்லம்மா. அங்க ஆள் இருக்கு.”