கொவ்வையின் கைக்கு இரண்டு வாத்தியார்கள்

கானாற்றின் தென்கரைக் குரங்குகளில் கொவ்வையைப் போல விளாங்காய் எறிய ஆளே கிடையாது. கொவ்வை சின்னவள். முகம் மட்டும் பழுத்த கொவ்வைப்பழம் மாதிரி சிவந்திருக்கும். கையைக் கீழாக ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்போரம் காயை விடுவாள். அது ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரை மருத மரத்துப் பொந்துக்குள் 'டொப்'பென்று விழும்.

"எப்படிடீ எறியிற?" என்று தோழி சிட்டாள் கேட்பாள்.

"தெரியலையே! கை போகுது, கூடவே நானும் போறேன்!" என்று கொவ்வை சிரிப்பாள்.

அப்படி அவள் தெரியாமல் எறிந்த வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

தென்கரையில் செம்முகக் குரங்குகள், வடகரையில் கருங்குரங்குகள். ஆற்றின் நடுத்திட்டில் ஒரே ஒரு பெரிய அத்திமரம். அது யாருக்கு என்று முன்பெல்லாம் இரண்டு கூட்டமும் கல்லால் அடித்துக்கொள்ளும். மண்டைகள் உடைந்து அலுத்துப்போன பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மழை ஓய்ந்ததும் ஒரு போட்டி. கரைக்கு ஒருவர் நின்று, எதிர்க்கரை மரப்பொந்துக்குள் விளாங்காய் எறிய வேண்டும். பொந்துக்கு முன்னால் எதிராளி ஒருவன் தடியோடு நின்று காயை அடித்து விரட்டுவான். யார் அதிகம் போடுகிறார்களோ அந்த வருஷத்து அத்தி அவர்களுக்கு.

கையைத் தலைக்கு மேல் ஓங்கினால் அது சண்டை. கீழே சுழற்றி எறிந்தால்தான் விளையாட்டு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எறிய நின்றவர், குவித்து வைத்த காய் தீரும்வரை தானேதான் எறிய வேண்டும். பாதியில் ஆள் மாறினாலோ, முடியவில்லை என்று உட்கார்ந்தாலோ அந்தக் கரை தோற்றது.

அந்த வருஷம் தென்கரைக்கு எறிய கொவ்வையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய அப்பா செவத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. கிளைக்குக் கிளை தாவி, "என் மக எறியப் போறா! என் மக!" என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். வந்து உட்கார்ந்ததும் கவலை பிடித்துக்கொண்டது.

'இவ பாட்டுக்கு எறியிறா. இது போதுமா? முறையா யார்கிட்டயாவது கத்துக்க வேண்டாமா?'

நன்றாக இருப்பதை நன்றாக இருக்க விடுவது சிலருக்கு எவ்வளவு கஷ்டம்!

செவத்தான் ஒரு தேனடையைத் தூக்கிக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு, கொம்பையா என்ற யானையிடம் போனான். மரத்தைப் பிடுங்கி மலைச்சரிவில் வீசுவதில் கொம்பையா பேர்போனவர்.

கொம்பையா அவள் எறிவதை ஒருமுறை பார்த்தார். உடனே துதிக்கையை ஆட்டினார். "அடடா, எல்லாமே தப்பு! இடுப்புக்கிட்ட என்ன கையைச் சுண்டுறே? மணிக்கட்டாவது மண்ணாங்கட்டியாவது! எறியிறது தோளு! கையை விறைப்பா நீட்டு. காயை விட்டப்புறமும் நிறுத்தாதே. கை மேலே வந்து காதைத் தொடணும்!"

சொல்லிவிட்டுத் துதிக்கையை வீசிக் காட்டினார். துதிக்கைக்கு மணிக்கட்டு எங்கே இருக்கிறது? ஆனால் அவ்வளவு பெரியவரிடம் அதை யார் கேட்பது?

கொவ்வை கேட்டாள். "தாத்தா, அந்த இடம் வந்ததும் கை தானா சுண்டுதே, அதை ஏன் விடணும்?"

"ஏன்னு கேக்குற பிள்ளைக்கு என்னால சொல்லித்தர முடியாது!" என்று கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவத்தான் மகளின் தொடையில் கிள்ளினான். "தலையை ஆட்டுடீ!" கொவ்வை தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து கையை விறைப்பாக நீட்டி, காது வரை தூக்கி எறிந்தாள். சில காய்கள் பொந்தில் விழுந்தன. சில மரத்தின் உச்சிக்குப் போயின. செவத்தானுக்குப் பதைப்பு. இன்னொரு தேனடையோடு நீர்நாய் வெள்ளச்சியிடம் ஓடினான். வெள்ளச்சி தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டே கூழாங்கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். ஒன்றும் கீழே விழாது.

"ஐயையே! யாரு உன்னைக் கையைத் தூக்கச் சொன்னது?" என்று வெள்ளச்சி மீசையைச் சிலிர்த்தாள். "கை மேலே போனா காயும் மேலேதான் போகும்! முழங்கை இடுப்புல வந்து இடிக்கட்டும். அங்கேயே நிறுத்து. தோளை மறந்துடு. மணிக்கட்டை மட்டும் சுண்டு!"

வெள்ளச்சிக்குக் கையே ஒரு சாண்தான். அதற்கு மேல் தூக்க அவளிடம் என்ன இருக்கிறது?

"அத்தை, ஆனைத் தாத்தா வேற மாதிரி சொன்னாரே?"

"அந்த மலைமாட்டுக்கு எறியிறதைப் பத்தி என்ன தெரியும்? என்கிட்ட கத்துக்கணும்னா என் பேச்சைத்தான் கேக்கணும்!"

திரும்பி வரும் வழியில் கொவ்வை அப்பாவிடம் கேட்டாள். "இப்ப நான் யார் சொன்னபடி எறியட்டும்?"

"இதென்ன கேள்வி? அவர் முன்னாடி அவர் சொன்னபடி எறி. இவங்க முன்னாடி இவங்க சொன்னபடி எறி. ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. யாரையும் பகைச்சுக்க முடியாது."

"போட்டியிலே?"

செவத்தான் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டையும் சேர்த்து எறி! ரெண்டு மடங்கு வேகம் வருமில்ல?"

தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

இப்படியாகக் காலையில் கொம்பையாவிடம் கை நீண்டது. மாலையில் வெள்ளச்சியிடம் கை மடங்கியது. கொஞ்ச நாளில் தோளுக்குள் ஏதோ முள் ஏறியது போல வலிக்க ஆரம்பித்தது. கொவ்வை மறைக்கவில்லை. வாய்விட்டே சொன்னாள்.

"தாத்தா, தோள் வலிக்குது."

"முழுசா நீட்ட மாட்டேங்குறே, அதான். இன்னும் நீட்டு!"

"அத்தை, தோள் வலிக்குது."

"சுண்டுறதுல சோம்பல், அதான். இன்னும் பலமா சுண்டு!"

"அப்பா, வலிக்குதுப்பா."

"வலிக்குதுன்னா வித்தை உள்ளே இறங்குதுன்னு அர்த்தம்டா கண்ணு!"

சிட்டாள் மட்டும் அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க ரெண்டு பேரையும் விட்டுத்தள்ளு. முன்னெல்லாம் எறிவியே, அதே மாதிரி எறியேன்."

கொவ்வை ஒரு காயை எடுத்துக்கொண்டு பாறையில் ஏறி நின்றாள். கையைச் சுற்றினாள். பாதியில் நின்றுவிட்டாள். மறுபடி சுற்றினாள். மறுபடியும் நின்றாள். முன்பு எப்படி எறிந்தோம் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. எவ்வளவு நினைத்துப் பார்த்தும் வரவில்லை. காயைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

போட்டி நாள் வந்தது. இரண்டு கரையிலும் கூட்டம் நெரிந்தது. கொம்பையா கரையில் வந்து நின்றார். வெள்ளச்சி அவர் காலடித் தண்ணீரில் தலையை நீட்டினாள்.

"நீ எங்கே இங்கே?" என்றார் கொம்பையா.

"என் பிள்ளை எறியப் போறா. பார்க்க வந்தேன்!"

"உன் பிள்ளையா? அது என் பிள்ளை!"

செவத்தான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

வடகரையில் பொந்துக்கு முன்னால் தடியோடு நின்றவன் மூங்கிலான் என்ற கருங்குரங்கு. தடி சுழற்றுவதில் கெட்டிக்காரன். கொவ்வையின் முதல் காய் அவன் தடிக்கு எட்டாமல் பொந்துக்குள் போனது. இரண்டாவதும் போனது. தென்கரை குதித்தது.

"பார்த்தியா! தோளு!" என்று பிளிறினார் கொம்பையா.

"போய்யா! அது மணிக்கட்டு!" என்று சீறினாள் வெள்ளச்சி.

வடகரைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் பக்கம் எறிய நின்றவனும் காய்க்குக் காய் போட்டுக்கொண்டே வந்தான். குவியல் பாதியானபோது இரண்டு கரையும் சரிக்குச் சரியாக இருந்தன. கொவ்வை அடுத்த காயை எடுத்தாள். தோள் தீயாக எரிந்தது. கையைச் சுற்றத் தொடங்கினாள்.

"நீட்டு! நீட்டு!"

"நிறுத்து! சுண்டு!"

"தூக்கு கையை!"

"தூக்காதே! இடுப்பு! இடுப்பு!"

கை நடுவழியில் திகைத்தது. பாதி நீண்டது, பாதி மடங்கியது. தோளுக்குள் 'சடக்'கென்று ஒரு சத்தம். அது கொவ்வைக்கு மட்டும் கேட்டது. காய் அவள் காலடியிலேயே தண்ணீரில் விழுந்தது. வடகரை கைகொட்டிச் சிரித்தது.

கொவ்வை திரும்பி அப்பாவைத் தேடினாள். "அப்பா, முடியலைப்பா. கை வர மாட்டேங்குது."

செவத்தான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மகளைப் பார்த்தான். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். நடுத்திட்டில் காய்த்துக் குலுங்கிய அத்தியையும் பார்த்தான். "உட்கார்ந்தா தோத்துடுவோம் கண்ணு. இன்னும் கொஞ்சம் காய்தான் இருக்கு. பல்லைக் கடிச்சுக்கோ."

கொவ்வை பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு காயாக எடுத்தாள். ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுந்தது. வாத்தியார்கள் இரண்டு பேரும் கத்துவதை நிறுத்தவே இல்லை. கண்ணீர் வழிந்து அவளுக்கு எதிர்க்கரையே தெரியவில்லை. அப்போது மூங்கிலான் தடியைக் கீழே போட்டான்.

"போதும்! அந்தப் புள்ளையை உட்கார விடுங்கய்யா! கை தொங்குறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ எந்தக் கரைக்காரன்டா? தடியை எடு!" என்று அவன் கூட்டமே அவனை அதட்டியது. அவன் தடியை எடுத்தான்.

குவியல் தீர்ந்தது. தென்கரை தோற்றது. கொவ்வையின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை. கிளை பிடித்துத் தாவவும் அந்தக் கை உதவவில்லை. குரங்காய்ப் பிறந்தவள் தரையில் நடந்து திரிந்தாள்.

"என் பேச்சை மட்டும் கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது!" என்று கொம்பையா போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வெள்ளச்சியும் அதையேதான் சொன்னாள், ஒரு எழுத்துக்கூட மாறாமல். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த மழை ஓய்ந்தபோது இருவரிடமும் கூட்டம் அலைமோதியது. "கொவ்வைக்கே சொல்லிக்கொடுத்தவங்களாமே!" என்று தேனடையும் பலாச்சுளையுமாகப் பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். கொவ்வையின் முதல் இரண்டு எறிகளை எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். கையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

செவத்தான் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து விளாம்பழத்தை உடைத்துக் கொடுத்தான். மனசு ஆறாமல் ஒருநாள் கேட்டேவிட்டான். "வலிக்குதுன்னு அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

கொவ்வை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னேன்பா."

"எப்ப சொன்னே?"

"தினமும் சொன்னேன்."

செவத்தான் கையிலிருந்த விளாம்பழ ஓட்டைக் கீழே வைத்தான். நெஞ்சு வெந்தது. வெந்து என்ன செய்வது? எழுந்து எங்கோ போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து, ஒரு தாய்க்குரங்கு தன் மகளை இழுத்துக்கொண்டு கொம்பையாவிடம் போய்க்கொண்டிருந்தது. குட்டி தன் தோளைத் தடவிக்கொண்டே நடந்தது. கொவ்வைக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஏ புள்ளை! வலிக்குதா?" என்று கேட்டாள்.

குட்டி நின்றது. "ஆமாக்கா."

"அப்ப நிறுத்திடு! யார் என்ன சொன்னாலும் எறியாதே!"

தாய்க்குரங்கு குட்டியின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. "அவ பேச்சைக் கேக்காதே, வா! கை விளங்காதவளுக்கு எறியிறதைப் பத்தி என்ன தெரியும்?"

இழுத்தது வலிக்கிற கையை. குட்டி 'ஆ'வென்று கத்தியது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காத பெரியவர்கள் எத்தனை பேர் கூடிக் கற்றுக்கொடுத்தாலும் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு வித்தையும் வராது, இருந்த வித்தையும் போய்விடும்.