கோமு ஓட்டிய தேர்

தேரடிப் பக்கம் இருந்த சின்ன மடத்துக்கு வடிவம்மைதான் குரு. சீடன் ஆவுடையப்பன் வயதில் அவரைவிட மூத்தவன். அதனால் குருவே சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

ஊர்த் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவது ஆவுடையப்பனின் வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு மத்தியானம் மகள் கோமுவை ஒரு கையிலும் அவளுடைய மரத்தேரை மறு கையிலும் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. கோமுவுக்கு இரண்டு வயது. இறக்கிவிட்டதும் தேரோடு முற்றத்து மண்ணுக்குப் போய்விட்டாள்.

"அம்மா, நான் பக்கத்துல உக்காந்தா இவ எந்திரிச்சுப் போயிருதா."

"எப்ப?"

"விளையாடும்போது. நானே செஞ்ச தேர். வீட்டு முற்றத்துல நாலு ரத வீதியும் கோடு போட்டுக் கொடுத்தேன். வலமா வரணும், கடைசியில நிலைக்கு வந்து நிக்கணும். இவ அடுப்படிக்குள்ள ஓட்டுதா. சாமி இருக்க வேண்டிய இடத்துல புளியங்கொட்டையை ஏத்துதா. திருத்தினா அவ அம்மாகிட்ட ஓடிருதா. நேத்து நான் வீட்டுக்குள்ள நுழையும்போதே ஓடிட்டா."

அவன் குரல் இறங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டான்.

"ஊர்த் தேரே என் கட்டைக்கு நிக்கும். இந்தப் பொடிசு நிக்க மாட்டேங்கா. நான் விடப்போறதில்ல."

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் வடிவம்மை.

அவரே இலை போட்டுப் பரிமாறினார். ஆவுடையப்பன் ரசச் சோற்றில் அப்பளத்தை நொறுக்கப் போனான். வடிவம்மை கரண்டியால் அப்பளத்தை நகர்த்தினார்.

"நொறுக்கக் கூடாது அண்ணாச்சி. கடிக்கணும்."

கடித்தான்.

"இப்ப கூட்டு. அவ்வளவு வேண்டாம்."

எடுத்ததைத் திரும்ப வைத்தான்.

"உருண்டையைச் சின்னதாப் பிடிங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கத்துலேருந்து."

ஆவுடையப்பன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். அந்த மடத்தில் குரு முன்னால் அப்படி யாரும் எழுந்ததில்லை.

"பசி போயிருச்சா?"

"பசிக்குது. உங்க பக்கத்துல உக்காந்து திங்க முடியாது!"

"கோமுவுக்கு இப்படிச் சொல்ல இன்னும் பேச்சு வரல. அதான் ஓடுதா."

அவன் விடவில்லை. "சோறும் தேரும் ஒண்ணா? தேருக்கு ஒரு முறை இருக்கும்மா. இப்ப விட்டா நாளைக்கு எல்லாத்தையும் இஷ்டத்துக்குச் செய்வா."

"கையைக் கழுவிட்டு அவ பக்கத்துல போய் உக்காருங்க. கை மடியில இருக்கட்டும். வாயும் சும்மா இருக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அவளுக்குப் போதும்னு ஆகுத வரைக்கும்."

"இதெல்லாம் ஒரு பாடமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அவனைக் கண்டதும் கோமு தேரை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் அசையவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு தேரைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அவன் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கலசம் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. அவனுக்குக் கை பரபரத்தது.

கோமு மேலே வந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அதன்மேல் ஒரு வேப்பிலையைப் போட்டாள். இலை பறந்து போய் விழுந்தது. சிரித்தாள். அவன் விரலைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

"நீ" என்றாள்.

பல நாளாக அவள் தானாக வந்து அவனைத் தொட்டதில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? இன்னொரு கை தேரை நிமிர்த்த அடியில் போனது.

கோமு வெடுக்கென்று எழுந்தாள். போகிற போக்கில் சக்கரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க!" என்று கத்தினான் ஆவுடையப்பன். "தேர் கவுந்து கிடக்கு. நிமித்த வேண்டாமா?"

வடிவம்மை அவன் சாப்பிடாமல் விட்ட இலையை மூடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கவுந்தது உங்க தேர் அண்ணாச்சி. அவ தேர் ஓடிட்டு இருக்கு."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கோமு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நீ" என்றாள் மறுபடியும், அதட்டலாக.

ஊர்த் தேரை நிறுத்துகிறவன் பேசாமல் சக்கரத்தைச் சுற்றினான்.