உணவுக்குமுல்

கதை முடிந்ததும் உங்களிடம் ஒன்று கேட்பேன். பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. அதனால் இப்போதே காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே ஒரு சின்ன டவுன், அதில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே விலங்கியல் நடத்துகிறவர் ரெஜினா டீச்சர். பதினொன்றாம் வகுப்பு முழுப்பரீட்சைத் தாள் திருத்தும்போது, ஒரு பிள்ளை 'உணவுக்குழல்' என்பதை 'உணவுக்குமுல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். ழ இருக்க வேண்டிய இடத்தில் மு. சிரித்துக்கொண்டே சுழித்தார். நாலு தாள் தள்ளி இன்னொரு பிள்ளையும் அதே 'உணவுக்குமுல்'. காப்பி அடித்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டு விட்டார். வந்து நின்ற பிறகுதான் உறைத்தது, இரண்டு பேரும் பரீட்சை எழுதியது வேறு வேறு அறையில்.

ஒருத்தி பேச்சியம்மாள், கொத்தனார் சுடலைமுத்துவின் இளைய மகள். மற்றவள் மிருதுளா, அவள் அம்மா கோமதி பெரியாஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். தனித்தனியாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் இரண்டு பேருக்கும் வரிக்கு வரி தடுக்கியது. டீச்சர் வாசித்துக் காட்டினாலோ ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். டீச்சர் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். புத்தியில் குறை ஒன்றுமில்லையாம், எழுத்து மட்டும் குழம்பித் தெரிகிற ஒரு வகையாம். அதற்கு நீளமாக ஒரு பேர் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. டாக்டர்கள் குழு பார்த்துச் சான்று கொடுத்தால் அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சையில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டாம். விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஆசை ஒன்றே, மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும்.

டீச்சர் முதலில் சுடலைமுத்துவைப் பார்த்தார். மனுஷன் கையில் அப்பிய சிமெண்டைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூத்தவளுக்குத் தையில கல்யாணம் பேசியிருக்கு டீச்சர். தங்கச்சிக்கு மூளையில கோளாறுன்னு ஒரு பேச்சு கெளம்புச்சுன்னா அந்த வீட்டுக்காரங்க வெத்தலையைத் திருப்பிருவாங்க. யார்ட்டயும் மூச்சு விட்டுராதீங்க."

பேச்சியிடமுமா என்று டீச்சர் கேட்டார்.

"அவட்டதான் மொதல்ல சொல்லக் கூடாது. அவ வாயில நிக்காது."

கோளாறு இல்லை, குறை இல்லை என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வயசில் பெரியவர் கும்பிட்டதும் டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்து கோமதி. அவருக்கு எந்த ஜன்னல், எந்த நாள், எந்த டாக்டர் எல்லாம் அத்துப்படி. மிருதுளா ஒரே பிள்ளை, பேச்சு கிளம்பினால் கிளம்பட்டும் என்கிற தைரியம், உடனே கையெழுத்துப் போட்டார். போகும்போது நல்ல மனசோடு ஒரு வார்த்தை கேட்டார்.

"வேற பிள்ளை யாரும் இப்படி இருக்கா டீச்சர்? இருந்தா சொல்லுங்க, அவங்க வீட்டுல நானே பேசுதேன். ரெண்டையும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போயிருதேன்."

டீச்சர், இல்லை என்றார்.

தையில் மூத்தவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறு வாரமே சுடலைமுத்து தானாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இப்போது கையெழுத்துப் போடுகிறேன் என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஐப்பசியிலேயே முடிந்திருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் அது அவளுக்குத் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது, விட்டுவிடுங்கள் என்று போய்விட்டார்.

விலங்கியல் பரீட்சையன்று காலையில் மிருதுளாவுக்கு ரத்த வகைப் பாடம் பிடிபடவில்லை. பேச்சிதான் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாயாலேயே சொல்லிக் கொடுத்தாள். உள்ளே போனால் அதே கேள்வி, ஐந்து மார்க். பேச்சி தடுக்கித் தடுக்கி வாசித்து அந்தக் கேள்விக்கு வந்து நம்பரை எழுதினாள், மணி அடித்தது. தாளை வாங்கிக்கொண்டார்கள். சான்று வாங்கித் தனி அறையில் இருந்த மிருதுளாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது; அது ஏதோ ஆஸ்பத்திரிச் சலுகை என்றுதான் பேச்சி நினைத்திருந்தாள். அவள் நிதானமாக எழுதினாள்.

மாட்டு டாக்டர் கல்லூரியில், அவர்கள் இரண்டு பேரும் இருந்த இடஒதுக்கீட்டுப் பட்டியலுக்கு மிச்சமிருந்தது ஒரே இடம். ஒரு மார்க் கூடுதலாக இருந்த மிருதுளாவுக்குக் கிடைத்தது.

பேச்சி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆடியில் ஒருநாள், சாப்பாட்டு வேளையில் டீச்சர் அங்கே போய், கடைக்குப் பின்னால் சேலைக்கட்டு அடுக்கியிருந்த இடத்தில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சொன்னது, தான் வாக்குக் கொடுத்தது, கோமதியிடம் இல்லை என்றது, ஒன்று விடாமல். பேச்சி சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ நான் மக்கு இல்லையா டீச்சர்?"

இல்லை தாயீ என்றார் டீச்சர். நம்பாதவள் மாதிரி அவள் இன்னொரு தடவையும் அதையே கேட்டாள். முகத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கட்டின்மேல் உட்கார்ந்தவள், வேலைக்குக் கூப்பிடுகிற வரைக்கும் அழுதாள்.

இப்போது சொல்லுங்கள். சுடலைமுத்து, கோமதி, ரெஜினா டீச்சர், இந்த மூன்று பேரில் பேச்சியின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது யார்?

கோமதி இல்லை, அவர் கேட்கத்தான் செய்தார். சுடலைமுத்து மேல் பழி உண்டு, ஆனால் ஒரு மகளுக்குப் பயந்து இன்னொரு மகளை விட்ட தகப்பனை நீங்கள் அடித்தாலும் அவர் ஏற்கெனவே அடிபட்டவர். நான் டீச்சரைத்தான் சொல்லுவேன். வாக்கைக் காப்பாற்றினாரே என்பீர்கள். அந்த ரகசியம் யாருடையது? பேச்சியின் தலைக்குள் இருப்பதைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இரண்டு பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவளிடம் சொல்லியிருந்தால் அப்பாவோடு சண்டை போட்டிருப்பாளோ, அக்கா கல்யாணம் நடக்கட்டும், எனக்கு வேண்டாம் என்றிருப்பாளோ, யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றே சொல்லியிருந்தாலும், அது அவளாகக் கொடுத்ததாக இருந்திருக்கும்.